மின்சார எஞ்சின் மாதிரி: பணிமனையில் பார்த்த பிறகு நகர்ந்த வேலை

நடைமேடையில் நின்று பார்ப்பவருக்கு மின்சார எஞ்சினின் பக்கச்சுவர் தெரியும். கூரையும், சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் அடிச்சட்டமான போகியின் நுணுக்கங்களும் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. 1:87 அளவில் நான் செய்துவரும் 25 கிலோவோல்ட் மாறுமின்னோட்ட எஞ்சினின் மாதிரி இந்த இரண்டு இடங்களில்தான் முடங்கிக் கிடந்தது. பராமரிப்புப் பணிமனை ஒன்றில், மேல்நிலைக் கம்பியின் மின்சாரத்தைத் துண்டித்து நிலத்தோடு இணைத்த பின்னர், கூரைமட்ட மேடையில் நின்று குறிப்பெடுக்க அனுமதி கிடைத்ததால் வேலை மீண்டும் நகர்ந்திருக்கிறது.

அடுத்த தடத்தில் 1.5 கிலோவோல்ட் நேர்மின்னோட்ட எஞ்சின் ஒன்று நின்றிருந்தது என் நல்லூழ். 4,000 கிலோவாட் திறனை 1.5 கிலோவோல்ட்டில் பெற ஏறத்தாழ 2,670 ஆம்பியர் வேண்டும். 25 கிலோவோல்ட்டில் 160 ஆம்பியரே போதும். ஆகவே முன்னதன் கூரையில் மின்கடத்திகள் பருமனாகவும், அவற்றைத் தாங்கும் மின்கடத்தாத் தூண்களான இன்சுலேட்டர்கள் குட்டையாகவும் இருக்க, பின்னதில் கடத்திகள் மெலிந்தும் இன்சுலேட்டர்கள் உயர்ந்து பல மடிப்புகளோடும் நிற்கின்றன. கடைகளில் கிடைக்கும் பொதுவான கூரைப் பாகங்களை எந்த எஞ்சினுக்கும் பொருத்திவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. இன்சுலேட்டரின் உயரமே அந்த எஞ்சின் எந்த மின்னழுத்தத்தில் ஓடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. என் மாதிரியில் இருந்த தடித்த கம்பிகளை அகற்றி, 0.4 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை வளைத்து வைத்ததும் கூரையின் தோற்றமே மாறிவிட்டது.

கூரையிலிருந்து எழுந்து மேல்நிலைக் கம்பியைத் தொட்டு மின்சாரம் பெறும் சட்டமான பாண்டோகிராஃபில் எனக்கு இரண்டு செய்திகள் புதியவை. அதைத் தூக்கும் அழுத்தக் காற்று, மின்சாரம் பாயும் சட்டத்துக்குச் செல்ல வேண்டியிருப்பதால், மின்கடத்தாப் பொருளால் ஆன குழாய் வழியே போகிறது. அந்த மெல்லிய குழாயை மாதிரிகளில் நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். இன்னொன்று, மேல்நிலைக் கம்பி தண்டவாளத்தின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் வளைந்து வளைந்து கட்டப்படுவதால், பாண்டோகிராஃபின் உச்சியில் கம்பியை உரசும் கார்பன் பட்டை ஒரே இடத்தில் அறுபடாமல் நடுப்பகுதி முழுவதும் தேய்கிறது. அதனால் பட்டையின் நடுவில் மட்டும் பளபளப்பை விட்டு, ஓரங்களை மங்கலாகத் தீட்டினேன். பட்டையிலிருந்து உதிரும் கரித்தூளையும் கூரையில் லேசாகப் படரவிட்டிருக்கிறேன்.

போகியில் என்னை நெடுநேரம் நிறுத்தியவை, சக்கர அச்சுகளின் முனைகளை மூடும் அச்சுமுனை மூடிகள். எஞ்சினுக்குள் வந்த மின்னோட்டம் சக்கரங்கள் வழியே தண்டவாளத்துக்குத் திரும்ப வேண்டும். அது பேரிங்கின் ஊடாகப் பாய்ந்தால் பேரிங் கெட்டுவிடும் என்பதால், சில அச்சுமுனைகளில் கார்பன் தூரிகைகளை வைத்துத் தடித்த கேபிளை இணைக்கிறார்கள். வேகத்தை அளக்கும் உணரி இருக்கும் முனையில் மெல்லிய கேபிள் வருகிறது. மற்றவை வெறும் மூடிகள். ஒன்றுபோலவே வார்க்கப்பட்டிருந்த மூடிகளை என் மாதிரியிலிருந்து அரத்தால் தேய்த்து நீக்கி, மூன்று வகையாகச் செய்து ஒட்டினேன். வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகளின் துருநிறத் தூசியை அவற்றின் மேல் பூசியும் ஆயிற்று.

காற்று நுழையும் பக்கவாட்டுச் சல்லடைகளுக்கு நீர்க்கக் கரைத்த அடர்சாம்பல் வண்ணப் பூச்சு ஒன்றே போதுமானதாக இருந்தது. ஓட்டுநர் ஏறும் படிகளும், சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் மணல் தூவும் குழாய்களும் மீதமிருக்கின்றன. குழாய்கள் போகியோடு சேர்ந்தே திரும்புவதால் சிக்கலில்லை. படிகளோ உடலில் பொருந்துபவை. குறுகிய வளைவில் ஓட்டி, போகி திரும்பும்போது இடிக்காத இடைவெளியை அளந்த பின்பே அவற்றை ஒட்டுவேன்.