படகு அணைஞ்சுச்சா, கெளம்புச்சா?

போன தடைக்காலத்துல, அதாங்க ஏப்ரல் 15லேருந்து 61 நாள் விசைப்படகெல்லாம் கரையிலயே கெடக்குமே அப்ப, பாம்பன்ல அக்கா வீட்டுத் திண்ணையில மச்சான் வலை பழுது பாத்துக்கிட்டு இருந்தாரு, அக்கா மக பக்கத்துல உக்காந்து இங்கிலீஷ் பாடத்த தமிழ்ல எழுதிக்கிட்டு இருந்தா. நோட்ட வாங்கிப் பாத்தேன். 'த போட்ஸ் புட் அவுட் அட் டான்'ங்கிற வரிக்கு "விடியற்காலையில் படகுகள் அணைந்தன"ன்னு எழுதியிருக்கா. பிள்ள என்ன பண்ணுவா, அவ கையில இருந்த கைடுல புட் அவுட்னா அணைத்தல்னு ஒத்த அர்த்தம்தான் போட்டிருக்கு. எனக்கு மனசே ஆறல, கடக்கரையில பொறந்த பிள்ளைக்கு அந்த வார்த்தையோட கடல் அர்த்தம் தெரியாமப் போகலாமா.

படகு புட் அவுட் ஆச்சுன்னா கரைய விட்டு கடலுக்குக் கெளம்பிருச்சுன்னு அர்த்தம், வழியில ஒரு துறைமுகத்துக்குள்ள வந்து நின்னா புட் இன். வெளக்கு, அடுப்பு, தீ இதுக்குச் சொன்னாதான் அணைக்கிறது. கைய புட் அவுட் பண்ணா நீட்டுறது. வானிலை ஆபீஸ் புயல் எச்சரிக்கை விட்டா அதுவும் புட் அவுட்தான். ஒரு ஆளு புட் அவுட் ஆயிருக்காருன்னா ஏதோ மனத்தாங்கல்ல இருக்காருன்னு வச்சுக்கங்க. கூட நிக்கிற வார்த்த வெளக்கா, கையா, எச்சரிக்கையான்னு பாத்துட்டுத்தான் அர்த்தத்த எடுக்கணும், தனியா மனப்பாடம் பண்ணா இப்படித்தான் ஆகும். இன்னொண்ணு, 'இட்' வந்தா நடுவுல வரணும், புட் இட் அவுட்தான் சரி, புட் அவுட் இட்னு எழுதக்கூடாது.

இதெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்த மச்சான் வலையில இருந்து தலைய நிமித்தாம சொன்னாரு, "நம்ம அணையும் அப்படித்தானம்மா, வெளக்க அணைக்கிறோம், பிள்ளைய அணைக்கிறோம், படகு கரை அணையுது."

அப்பதான் எனக்கே உறைச்சுச்சு. படகு அணைஞ்சுச்சுன்னு எங்க ஊர்ல சொன்னா கரைக்கு வந்து சேந்துருச்சுன்னுல்ல எடுத்துக்குவாங்க. விடிய கெளம்புன படகு அவ நோட்டுல திரும்பி வந்து நிக்குது, நேர் எதிர் அர்த்தம்!

அவ அந்த வரிய அடிச்சிட்டு "விடியற்காலையில் படகுகள் கடலுக்குப் புறப்பட்டன"ன்னு எழுதுனா, கைடுல எடம் பத்தலன்னு அட்டைக்கு உள்பக்கம் மத்த அர்த்தத்தையும் பேனாவால வரிசையா எழுதிக்கிட்டா. எழுதி முடிச்சிட்டு "புட் ஆஃப்னா என்ன சித்தி?"ன்னு கேட்டா. புயல் எச்சரிக்கை வந்தா கடலுக்குப் போக டோக்கன் குடுக்க மாட்டாங்கள்ல, அன்னைக்கு அப்பா தொழில் இன்னொரு நாளைக்குத் தள்ளிப் போகும்ல, அதான் புட் ஆஃப்னேன்.