மியூனிக்கில் அறை கிடைத்தது, முகவரி கிடைக்கவில்லை

2023 அக்டோபர் 24 அன்று காலை, ஜெர்மனியின் மியூனிக் நகரில், குடியிருக்கும் முகவரியைப் பதிவு செய்யும் ஓர் அலுவலகத்தில், மூன்று வாரம் காத்திருந்து கிடைத்த என் முன்பதிவு நேரம் நான்கே நிமிடங்களில் முடிந்துபோனது. கடவுச்சீட்டு, விசா, பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம், இரு தரப்பும் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தம் என எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். அலுவலர் அவற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, நான் அங்கே குடியிருக்கிறேன் என்று வீடு கொடுத்தவர் எழுதித் தரும் உறுதிக் கடிதம் எங்கே என்று கேட்டார். நான் ஒப்பந்தத்தைச் சுட்டிக் காட்டினேன். அது வேறு, இது வேறு என்று சொல்லிவிட்டுக் காகிதங்களை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். அடுத்த முன்பதிவு நவம்பர் நடுவில்தான் இருந்தது. என் விசாவோ டிசம்பர் 21-ஆம் தேதியோடு முடிவதாக இருந்தது.

ஜெர்மனிக்குப் படிக்க வருகிற நம் மாணவர்கள் அறையைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பதுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். அந்த அறையின் முகவரியில் என்னைப் பதிவு செய்துகொள்ள முடியுமா என்பதை முதலில் கேட்டிருந்தால், அந்த இலையுதிர்காலத்தின் இரண்டு மாதங்களும் என் தந்தையின் நிம்மதியும் பறிபோயிருக்காது. இனி வரப்போகிறவர்கள் அதே குழியில் விழக்கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் சென்னையில் எடுத்த விசாவும் சிக்கலின்றி வந்து சேர்ந்தன. அந்த ஆண்டின் விதிப்படி, பிளாக்டு அக்கவுண்ட் என்று நாம் சொல்லும் முடக்கக் கணக்கில் 11,208 யூரோ, அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழப் பத்து லட்சம் ரூபாய், கல்விக் கடனிலிருந்து கட்டியாயிற்று. அதிலிருந்து மாதம் 934 யூரோ எனக்கு விடுவிக்கப்படும். மாணவர் விடுதிகளை நடத்தும் ஸ்டுடிரெண்டன்வெர்க் அமைப்பில், விண்ணப்பிக்க முடிந்த முதல் நாளிலேயே விண்ணப்பித்துவிட்டேன். அங்கே காத்திருப்பு மாதக் கணக்கில் அல்ல, செமஸ்டர் எனும் பருவக் கணக்கில் நடக்கிறது. ஜெர்மனியிலேயே மிகப் பெரிய மாணவர் குடியிருப்பான ஸ்டுடெண்டன்ஸ்டாட் இந்த நகரில்தான், ஃபிரைமான் பகுதியில் இருக்கிறது; ஏறத்தாழ 2,500 இடங்கள் கொண்டது. 2021 பிப்ரவரியில் அங்கே நேர்ந்த தீவிபத்துக்குப் பிறகு உயரமான கட்டடங்கள் பல காலி செய்யப்பட்டு, நான் வந்த ஆண்டிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள் ஆளில்லாமல் கிடந்தன. வெளியே, பகிர்வு வீடுகளில் ஓர் அறையின் சராசரி வாடகை அப்போதே 700 யூரோவைத் தாண்டியிருந்தது. 934 யூரோவில் 700 வாடகைக்குப் போனால், ஏறத்தாழ 125 யூரோ மருத்துவக் காப்பீட்டுக்குப் பிறகு கையில் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நான் வந்திறங்கிய நாள் செப்டம்பர் 26. அந்த ஆண்டு அக்டோபர்ஃபெஸ்ட் திருவிழா செப்டம்பர் 16 முதல் அக்டோபர் 3 வரை நடந்தது என்பதை விமானச் சீட்டு எடுக்கும்போது நான் யோசித்துப் பார்க்கவில்லை. பயணியர் விடுதியில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு இரவுக்கு 75 யூரோ கேட்டார்கள். ஆறு இரவுகளுக்கு 450 யூரோ போனது. குளிர்காலப் பருவத்துக்கு மியூனிக் வருகிறவர்கள் அந்தத் திருவிழாவுக்கு முன்பே வந்துவிட வேண்டும், அல்லது தெரிந்தவர் வீட்டில் ஒரு பாய்க்காவது இடம் சொல்லி வைத்துவிட்டு வர வேண்டும்.

அந்த ஆறு நாட்களில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு எழுதினேன். பதில் வந்தவை ஒன்பது. அவற்றுள் ஒன்று, ஷ்வாபிங் பகுதியில் தனி வீடு, 480 யூரோ என்றது. உரிமையாளர் வேலை நிமித்தம் இங்கிலாந்தில் இருப்பதாகவும், முன்பணத்தை ஒரு முன்பதிவுத் தளத்தின் இணைப்பு வழியாகக் கட்டினால் சாவி கூரியரில் வந்துவிடும் என்றும் அழகான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். என் வகுப்பில் சேரவிருந்த மதுரைத் தோழி, அந்த வீட்டின் படங்களை இணையத்தில் தேடிப் பார்த்து, அவை வேறொரு நாட்டு வாடகை விளம்பரத்தில் இருப்பதைக் காட்டினாள். வீட்டை நேரில் பார்க்காமல், அல்லது நம்பகமான ஒருவரை அனுப்பிப் பார்க்கச் செய்யாமல், ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

இப்படிப் பயந்து போயிருந்த நேரத்தில்தான் நோய்பெர்லாக் பகுதியில் உண்மையான ஓர் அறையைக் கண்ணால் பார்த்தேன். பதினொரு சதுர மீட்டர், ஜனவரி இறுதி வரை இடைக்கால வாடகை, மாதம் 450 யூரோ, இரண்டு மாத முன்பணம். வீட்டின் முதன்மை வாடகையாளர் இனிமையாகப் பேசினார். முகவரிப் பதிவுக்கான காகிதம் பற்றிக் கேட்டபோது, முதலில் குடியேறுங்கள், அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தப் பிறகு என்ற சொல்லை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு ஜெர்மன் வங்கிக் கணக்கு இல்லாததால், அக்டோபர் வாடகையும் முன்பணமுமாக 1,350 யூரோவை, ஊரிலேயே வெளிநாட்டுப் பணம் ஏற்றி எடுத்துவந்த ஃபாரெக்ஸ் கார்டிலிருந்து எடுத்து ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது வாங்கவில்லை. ஊரிலிருந்து கார்டில் கொண்டுவந்தது மொத்தம் 2,500 யூரோ.

அலுவலகத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அன்று மாலை அந்த முதன்மை வாடகையாளரிடம் உறுதிக் கடிதத்தைக் கேட்டேன். ஜெர்மன் மொழியில் அதன் பெயர் ஒரு முழு வரி நீளம். ஆனால் காகிதம் ஒரே பக்கம், நிரப்ப ஐந்து நிமிடம் போதும். வீட்டின் சொந்தக்காரர்தான் எழுத வேண்டும் என்பதில்லை; உள்வாடகைக்கு விடுகிறவரே கையெழுத்திடலாம். அவர் மறுத்துவிட்டார். அறையை உள்வாடகைக்கு விட்டிருப்பதே வீட்டின் சொந்தக்காரருக்குத் தெரியாது என்பது அப்போதுதான் வெளியே வந்தது. எனக்கு முன் இருந்த இருவரும் இந்தக் காகிதத்தைக் கேட்டதேயில்லை என்று என் மேல் குறைபட்டுக்கொண்டார். தபால் பெட்டியில் என் பெயரை ஒட்டவும் அவர் விடவில்லை.

இந்தத் தபால் பெட்டி விஷயத்தை நம் ஊரில் இருந்துகொண்டு யாரும் கற்பனை செய்ய முடியாது. இங்கே கதவு எண் மட்டும் போதாது. பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். முடக்கக் கணக்கில் உள்ள பணம் ஜெர்மன் வங்கிக் கணக்குக்குத்தான் வரும் என்று அந்த நிறுவனம் சொல்லிவிட்டது. நான் அணுகிய வங்கிக் கிளை, பதிவுச் சான்றிதழ் இல்லாமல் கணக்கு திறக்க மறுத்தது. கடவுச்சீட்டை மட்டும் வைத்துக் கணக்கு தரும் இணைய வங்கியைக் கண்டுபிடித்தபோது, அதன் அட்டை தபாலில் வந்து, பெட்டியில் பெயரில்லாமல் திரும்பிப் போனது. மாணவர் உணவகம் ஒன்றில் மாதம் 520 யூரோ வரம்புக்குள் மினி ஜாப் எனும் பகுதிநேர வேலை தருவதாகச் சொன்னவர்கள் வரி எண்ணைக் கேட்டார்கள். முகவரியைப் பதிவு செய்த பிறகுதான் அந்த எண் தபாலில் வரும். விசா முடிவதற்குள் வதிவு அனுமதிக்கு விண்ணப்பிக்கவும் அதே பதிவுச் சான்றிதழ் வேண்டும். என் பெயரில் பத்து லட்சம் ரூபாய் ஒரு கணக்கில் கிடக்க, நவம்பர் வாடகையைக் கொடுத்த பிறகு என் கார்டில் மிஞ்சியது 90 யூரோவுக்கும் குறைவு. அப்பா திருச்சியில் ஒரு நண்பரிடம் கைமாற்று வாங்கி, கார்டில் 400 யூரோ ஏற்றினார். தொலைபேசியில் அவர் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அந்த வாரம் ஒரு வாட்ஸ்அப் குழுவில், 200 யூரோ கொடுத்தால் பதிவு செய்துகொள்ள முகவரி தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால், ஒருவர் உண்மையில் குடியிருக்காத முகவரியை இப்படிப் பதிவுக்குக் கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கப் பதிவுச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அதில் பதிந்துகொள்பவரும் விதியை மீறியவர்தான். வதிவு அனுமதிக்கு விண்ணப்பிக்கப் போகும் ஒருவர் எந்தக் காரணத்துக்காகவும் இதைச் செய்யக்கூடாது.

எனக்கு வழி திறந்தது பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில். வோனன் ஃபியூர் ஹில்ஃபே, அதாவது உதவிக்கு ஈடாகக் குடியிருப்பு, என்றொரு திட்டம் மியூனிக்கில் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. தனியாக வாழும் முதியவர்கள் தங்கள் வீட்டில் ஓர் அறையை மாணவருக்குத் தருகிறார்கள். வாடகை கிடையாது. அறையின் ஒரு சதுர மீட்டருக்கு மாதம் ஒரு மணி நேரம் என்ற கணக்கில் வீட்டு வேலைகளில் உதவ வேண்டும். தண்ணீர், மின்சாரம், வெப்பமூட்டல் ஆகியவற்றுக்கான செலவில் நம் பங்கைக் கொடுத்துவிட வேண்டும். நோயாளிப் பராமரிப்பு இதில் சேராது. ஒருங்கிணைப்பாளர்கள் இரு தரப்பையும் சந்தித்துப் பேசி, ஒத்துப்போகுமா என்று பார்த்த பிறகே சேர்த்து வைக்கிறார்கள். ஓரளவு ஜெர்மன் பேச வேண்டும். என்னிடம் இருந்தது ஏ2 எனும் அடிப்படை அளவுதான். ஊரில் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்த அந்த எட்டு மாதங்களை நான் அவ்வளவு நன்றியோடு நினைத்த நாள் வேறில்லை.

லைம் பகுதியில் எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மையாரின் வீட்டில் பதினைந்து சதுர மீட்டர் அறை கிடைத்தது. தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று அவர் கேட்டார். உறுதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டேன். இதுவா ஒரு கேள்வி என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நான் கொண்டுபோயிருந்த படிவத்தை அந்த மேசையிலேயே நிரப்பிக் கொடுத்தார். தபால் பெட்டியில் என் பெயரை அவரே தன் கையால் எழுதி ஒட்டினார். நவம்பர் 17 அன்று பதிவு முடிந்தது. அது பத்து நிமிட வேலை. அந்த மாதக் கடைசியில் முதல் 934 யூரோ என் கணக்குக்கு வந்தது. டிசம்பர் இரண்டாம் வாரத்தில், உரிய நாளுக்கு முன்பே, வதிவு அனுமதிக்கு விண்ணப்பித்தேன்.

என் பதினைந்து மணி நேரம் கடைக்குப் போவதிலும், தோட்டத்தைப் பெருக்குவதிலும், அவருடைய கணினியைச் சரிசெய்வதிலும் கழிந்தது. 2023 டிசம்பர் 2 அன்று விமான நிலையத்தையே மூடவைத்த பனி கொட்டியபோது, அந்த மாதக் கணக்கில் பாதியை இரண்டே நாட்களில் மண்வெட்டியோடு முடித்துவிட்டேன். அன்றைய மாதச் செலவு என்று பார்த்தால், வீட்டுப் பங்கு 80 யூரோ, காப்பீடு 125, மியூனிக் இருக்கும் பவேரிய மாநிலத்தின் மாணவர்களுக்கான பயணச் சீட்டு 29, கைப்பேசி 10, சாப்பாடு 170 முதல் 200 வரை. நான் சமைத்துத்தான் சாப்பிடுகிறேன். பருப்பும் வெண்டைக்காயும் துருக்கியர் கடைகளில் இந்தியக் கடைகளைவிட மலிவாகக் கிடைக்கின்றன. பதிவு செய்த சில வாரங்களில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லிக் கடிதம் வரும். அதைக் கண்டு பதற வேண்டாம். அது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு ஒன்று. வீட்டில் ஒருவர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினால் போதும். ஆனால் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விட்டுவிடக்கூடாது.

எனக்குப் பிறகு தொகைகள் மாறிவிட்டன. முடக்கக் கணக்கில் காட்ட வேண்டியது 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ ஆனது. மாணவர் பயணச் சீட்டு 2025 ஜனவரியில் 38 யூரோவாக உயர்ந்தது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேரும் முதுநிலை மாணவர்களிடம் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ கட்டணம் வாங்குகிறது. ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று யாராவது சொன்னால், எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு என்று கேளுங்கள்.

நோய்பெர்லாக் அறைக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பப் பெறுவது தனிப் போராட்டமாயிற்று. ஒப்பந்தம் ஜனவரி வரை என்று சொல்லி அந்த முதன்மை வாடகையாளர் 900 யூரோவையும் கொடுக்க மறுத்தார். ஸ்டுடிரெண்டன்வெர்க்கில் மாணவர்களுக்கு இலவசச் சட்ட ஆலோசனை உண்டு. அங்கிருந்த வழக்கறிஞர் என் வாட்ஸ்அப் உரையாடலை முழுக்கப் படித்தார். ரொக்கத்துக்கு ரசீது இல்லை என்றாலும், 1,350 கிடைத்தது, நன்றி என்று அந்த வாடகையாளர் அனுப்பியிருந்த ஒரு வரியே சான்று என்று சொல்லி, எப்படிக் கடிதம் எழுத வேண்டும், எத்தனை நாள் கெடு வைக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக்கூடாது, அதையும் மூன்று தவணைகளாகக் கட்டச் சட்டம் இடம் தருகிறது என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பதிவுத் தபாலில் கடிதம் போன பிறகு, 2024 மார்ச்சில் 600 யூரோ வந்தது. மீதி 300 யூரோவுக்கு மூன்று முறை எழுதிவிட்டேன், பதில் வரவில்லை.