ஆயாவின் மாவட்டம்

"எந்த மாவட்டம் ஆயா?"

"வடஆற்காடு தான்பா."

வாலாஜா இ-சேவை மையத்துப் பையன் சிரித்தான். ஆயா விடவில்லை, கிரயப் பத்திரத்தை எடுத்து நீட்டினார். மடித்த இடமெல்லாம் கிழிந்து, செலோடேப் ஒட்டியது. அதில் வடஆற்காடு என்றுதான் இருந்தது.

வீடு அதே தெருவில்தான் நிற்கிறது. மாவட்டம்தான் மாறிக்கொண்டே வந்தது. 1989-ல் திருவண்ணாமலை பிரிந்ததும் வடஆற்காடு அம்பேத்கர். அப்புறம் வேலூர். 2019 நவம்பரிலிருந்து ராணிப்பேட்டை.

அதற்கும் முன்னால் போனால் இன்னும் வேடிக்கை. 1911 வரை வடஆற்காட்டின் தலைநகரே சித்தூர். இன்று அது ஆந்திரா.

பிரித்ததில் எனக்குக் குறை இல்லை. அரக்கோணத்துக்காரர் கலெக்டரைப் பார்க்க வேலூர் வரை வந்தால் ஒரு நாள் கூலி போச்சு.

பாலாறுதான் பாவம். வாணியம்பாடி, ஆம்பூர் வரும்போது திருப்பத்தூர் மாவட்டம், பிறகு வேலூர், அப்புறம் ராணிப்பேட்டை. மணலை அள்ளியதும் தோல் கழிவு கலந்ததும் எந்த எல்லைக்கோட்டையும் பார்த்து நடக்கவில்லை.

இன்னொன்று. 2011 கணக்கெடுப்பில் வேலூர் மாவட்ட மக்கள்தொகை 39,36,331 என்று இப்போதும் பகிர்கிறார்கள். சரி, ஆனால் அது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் சேர்ந்த பழைய வேலூர்.