நெட்டியில் ஒரு தொப்பி: மூன்றாவது முயற்சி வரை

மொட்டைமாடியில் பாகலுக்கும் புடலைக்கும் நான் கட்டிய பந்தலின் குறுக்குக் குழாய்கள் சரியாக என் நெற்றி உயரத்தில் அமைந்துவிட்டன. காய் தேடி அண்ணாந்தால் வெயிலில் கண் கூசுகிறது; தலையைத் தாழ்த்தி ஓரடி வைத்தால் குழாய் இடிக்கிறது. துணித் தொப்பி முதல் தொல்லையை மட்டும் தீர்த்தது. கட்டட வேலைக்கான பிளாஸ்டிக் தலைக்கவசம் இடியைத் தாங்கினாலும் அதன் முன்விளிம்பு குட்டையானது. பத்து நிமிடத்தில் உள்ளே வியர்வை ஊறிவிடும். இரண்டுக்கும் ஈடுகொடுக்கும் ஒன்றை நானே செய்யலாம் என்று எண்ணியபோது, அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் அணிந்த சோலா தொப்பி நினைவுக்கு வந்தது.

சோலா என்பது நம் ஊர் நெட்டியேதான். மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கழுத்தில் கட்டும் நெட்டி மாலையும், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கும் தஞ்சைப் பெரிய கோயிலின் வெண்ணிற மாதிரியும், துரையின் தொப்பியும், குளங்களிலும் சதுப்புகளிலும் வளரும் ஒரே செடித் தண்டின் உள்தக்கையில் செய்யப்பட்டவை. (அந்தச் சொல்லைச் சூரியனோடு முடிச்சுப் போட்டு 'சோலார் தொப்பி' என்று எழுதிய ஆங்கிலேயர்களும் இருந்தார்கள்.) தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே அத்தொழில் செய்யும் ஒருவரிடம் காய்ந்த தண்டுகள் நாற்பது வாங்கினேன். கத்தியை அசையாமல் பிடித்துக்கொண்டு தண்டை அதன்மீது உருட்டினால் தக்கை சுருள் பிரிவதைப் போல நீண்ட தாளாக வரும் என்று அவர் செய்தே காட்டினார். என் கைக்கு அது படிய ஒரு வாரமும் ஒன்பது தண்டுகளும் ஆயின.

முதல் தொப்பிக்கு ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து அச்சாக வைத்துக்கொண்டு, மைதாப் பசை தடவி, தாள்மேல் தாளாக ஒட்டினேன். என் தலைச் சுற்றளவு 57 சென்டிமீட்டர். சட்டியின் சுற்றளவும் ஏறத்தாழ அதுவே. ஆனால் சட்டி வட்டம், தலை நீள்வட்டம் என்பதை உலர்ந்த தொப்பியைப் போட்டுப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன். நெற்றியிலும் பிடரியிலும் அழுத்தியது. காதுகளுக்கு மேலே விரல் நுழையும் அளவுக்கு இடம் கிடந்தது. போதாக்குறைக்கு, அவசரப்பட்டு ஒரே நாளில் நான்கு அடுக்குகள் ஒட்டியதால் உள்ளே ஈரம் நின்று, ஐப்பசி மழையில் பூஞ்சணம் பூத்தது.

இரண்டாம் முறை, தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு அதன்மேல் செய்தித்தாள் நாடாக்களை ஒட்டச் சொல்லி, அந்தக் கூட்டைக் கழற்றி மணல் நிரப்பி அச்சாக்கினேன். வீட்டில் இருந்தவர்கள் சிரித்ததை இங்கே விரிவாக எழுத வேண்டியதில்லை. தலையின் வடிவம் சரியாகவே வந்தது. ஆயினும் ஓடு தலையோடு ஒட்டி உட்கார்ந்ததால் காற்றுக்கு வழியில்லை, வெளியே தட்டினால் அதிர்ச்சி நேராக மண்டைக்கு வந்தது. பழைய சோலா தொப்பிகளில் தலைப்பட்டை தனியாக இருக்கும். அதற்கும் ஓட்டுக்கும் நடுவே சிறு தக்கைத் துண்டுகள் இடைவெளி காக்கும். அந்த இடைவெளியை நான் வெறும் காற்றோட்டத்துக்கான ஏற்பாடு என்று நினைத்து விட்டுவிட்டிருந்தேன்.

எனவே மூன்றாவதற்கு, அதே அச்சின்மேல் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குக் களிமண் பூசிச் சுற்றளவை 63 சென்டிமீட்டராக்கினேன். நாளுக்கு ஓர் அடுக்குதான். புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு என்பதால் வெளியடுக்குகளுக்கு மட்டும், கையுறை அணிந்துகொண்டு, சிறிதளவு சேர்த்தேன். ஓடு 12 மில்லிமீட்டர் கனம் வந்ததும் நிறுத்தினேன். விளிம்பு முன்னால் 6, பின்னால் 7 சென்டிமீட்டர். உலர்ந்த நெட்டியை வளைத்தால் ஒடிந்துவிடும் என்பதால் ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி வளைத்தேன். மேலே ஆறு துண்டுகளாக வெட்டித் தைத்த காக்கித் துணி. விளிம்பின் அடியில், பழைய தொப்பிகளில் கண்டபடியே, பச்சைத் துணி. வெள்ளைச் சிமெண்டு பூசிய தளத்திலிருந்து எழும் வெளிச்சம் கண்ணில் அடிப்பது இதனால் நன்றாகவே குறைகிறது. உச்சியில் துளையிட்டு ஒரு குமிழ் மூடி. மொத்த எடை 240 கிராம்.

தலையில் வைப்பதற்கு முன், மீந்த தாள்களை அதே கனத்துக்கு ஒட்டிய ஒரு பலகையின்மேல் 200 கிராம் எடைக்கல்லை அரை மீட்டர் உயரத்திலிருந்து விட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது, அது மேலெழும்பவே இல்லை. நெட்டியின் கண்ணறைகள் நசுங்கும்போதே இடியின் வேகத்தை விழுங்குகின்றன. சைக்கிள் தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் தெர்மோகோலும் இப்படித்தான் வேலை செய்கிறது. நசுங்கிய இடம் மறுமுறை தாங்காது. இது பந்தலுக்கான தொப்பி. இதை அணிந்துகொண்டு யாரும் இருசக்கர வண்டியில் ஏறிவிடக் கூடாது, அதற்கு ஐ.எஸ். 4151 முத்திரை பெற்ற கவசமே வேண்டும்.

நேற்றுக் காலை புடலைக்குக் கல் கட்டித் தொங்கவிடும்போது வழக்கமான குழாயில் வழக்கம்போல் இடித்துக்கொண்டேன். மொத்தென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது, வலி இல்லை. துணியின்மேல் தடவினால் இடப்பக்கம் ஒரு காசளவு குழி தட்டுப்படுகிறது. அந்தத் துண்டின் தையலைப் பிரித்து, நசுங்கிய நெட்டியை வெட்டியெடுத்து, புதுத் தக்கை பதிக்க வேண்டும். தண்டுகள் பதினொன்று மீதமிருக்கின்றன.