காலிக் குழாய்

வாளையாறு தாண்டி கஞ்சிக்கோட்டில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருஷம் இருந்தேன். அம்மோனியா வாயுவைச் சூடான நிக்கல் வினையூக்கி வழியாக விட்டு ஹைட்ரஜனைப் பிரித்தெடுப்பதுதான் வேலை. அம்மோனியாவின் எடையில் 17.8 சதவீதம் ஹைட்ரஜன், மைனஸ் 33 டிகிரியிலேயே திரவமாகிவிடும், அதனால் கொண்டுபோவதும் சுலபம். வினையூக்கியாக ருத்தீனியம் என்ற அரிய உலோகத்தைப் போட்டால் குறைந்த சூட்டிலேயே பிரியும், ஆனால் அந்த விலைக்கு எங்கே போவது? நிக்கல் மலிவு, ஆனால் 600 டிகிரிக்கு மேல் கேட்கும். கணக்குப்படி பார்த்தால் 400 டிகிரியிலேயே 99 சதவீதம் பிரிந்திருக்க வேண்டும். நிக்கல் மேல் ஒட்டிய நைட்ரஜன் அணுக்கள் ஜோடி சேர்ந்து கிளம்பாமல் இடத்தை அடைத்துக்கொள்வதால்தான் அது நடப்பதில்லை.

பச்சை நிற நிக்கல் நைட்ரேட் கரைசலில் அலுமினா தூளை ஊறவைத்து, உலர்த்தி, 500 டிகிரியில் சுட்டு, அப்புறம் ஹைட்ரஜனில் சூடாக்கி ஆக்சிஜனை நீக்கினால் கறுப்பான வினையூக்கித் தூள் தயார். அதைக் குழாயில் நிரப்பி அம்மோனியாவை விட்டதில், முதல் மாதமே 650 டிகிரியில் 90 சதவீதம் பிரிந்து வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம், நானே அட்டவணை போட்டு அறிக்கையில் சேர்த்தேன். அடுத்து நிக்கலைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தோம், கிட்டத்தட்ட அதே எண். அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

உறுத்தியது எங்கள் டெக்னீஷியன் அண்ணனுக்கு. கொழிஞ்சாம்பாறைக்காரர், பல வருஷம் ஐஸ் பிளாண்டில் அம்மோனியா கம்ப்ரசரோடு இருந்தவர். கந்தகக் குச்சியைக் கொளுத்தி இணைப்புகளின் பக்கம் காட்டுவார், கசிவு இருந்தால் வெள்ளைப் புகை கிளம்பும். அன்றைக்குக் குச்சியை அணைத்துவிட்டு, "ஏங் கண்ணு, இந்தக் குழாய் எவர்சில்வர்தானுங்களே, அதுலயே நிக்கல் இருக்குமே, சும்மா விட்டுப் பாத்தீங்களா?" என்றார்.

விட்டுப் பார்க்கவில்லை. எங்கள் குழாய் 316 ரக எவர்சில்வர்; அந்த எஃகில் நிக்கல் மட்டுமே 10 முதல் 14 சதவீதம், மீதியில் பெரும்பங்கு இரும்பு, அதுவும் அம்மோனியாவைப் பிரிக்கும். தூளை எடுத்துவிட்டு, குழாயைத் துடைத்து, வெறுமையாக மாட்டி 650க்கு ஏற்றினோம். வெளிவரும் வாயுக்களைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராஃப் திரையில் ஹைட்ரஜன் முகடு மெதுவாக எழுந்தது, பின்னாலேயே நைட்ரஜனும். உள்ளே ஒரு துளி தூள் கிடையாது, ஆனால் பாதிக்கு மேல் பிரிந்து வந்துகொண்டிருந்தது. ஒரு மாத உழைப்பில் எவ்வளவு நிக்கல் தூளுடையது, எவ்வளவு குழாயினுடையது என்று அந்த நேரத்தில் யாராலும் சொல்ல முடியவில்லை.

அறிக்கையிலிருந்து அட்டவணையை எடுத்தேன், மேலிடத்தில் கேட்டவர்களிடம் காரணத்தை அப்படியே சொன்னேன். நிக்கலோ இரும்போ இல்லாத குவார்ட்ஸ் குழாய் வர ஆறு வாரம் ஆனது, முதல் குழாயை இறுக்கும்போது உடைத்தும்விட்டோம். இரண்டாவதை வெறுமையாக ஓட்டியபோது 650 டிகிரியிலும் திரையில் கோடு தட்டையாகவே கிடந்தது. அண்ணன் எட்டிப் பார்த்து, "சரிங்க கண்ணு, இனித் தூளைப் போடுங்க" என்றார்.