கஞ்சா எண்ணெயும் அப்பாவின் ஞாபகமும்

பாரிசவாதம் வந்து கை கால் ஓரளவு தேறிய பிறகுதான் அப்பாவின் மற்றப் பிரச்சினை வெளியே தெரிந்தது. ஆரையம்பதியில் கடைக் கணக்கு எழுதியே காலம் கழித்த மனிதர், மிச்சக் காசை எண்ண முடியாமல் நின்றார். காலையில் குளிசை போட்டாரா என்று கேட்டால் எங்களையே திருப்பிக் கேட்பார்.

கனடாவில் இருக்கும் மச்சான், கஞ்சாவில் இருந்து எடுக்கிற, போதை தராத சிபிடி எண்ணெய் அனுப்புகிறேன் என்றான். அங்கே 2018இலிருந்து கஞ்சா சட்டப்படி விற்பனையாகிறது. மூளையில் கஞ்சா ஏற்பிகள், அதாவது கஞ்சாவின் பொருட்கள் போய் ஒட்டுகிற இடங்கள், இருக்கின்றன, அவற்றைத் தூண்டினால் ஞாபகம் திரும்புமாம் என்று ஒரு கட்டுரையும் வந்தது. வாசித்தேன். பொய்யில்லை, ஆனால் எல்லாம் எலிகளில் பார்த்தது.

ஏற்பிகளில் முக்கியமானவை இரண்டு. சிபி1 நரம்புக் கலங்களில், குறிப்பாக ஞாபகம் பதிகிற ஹிப்போகாம்பஸில் நிறைய உண்டு. சிபி2 பெரும்பாலும் நோயெதிர்ப்புக் கலங்களில். பாரிசவாதத்துக்குப் பிறகு மூளையில் கிளம்பும் அழற்சியை சிபி2 வழியாக அடக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு. கஞ்சாவில் போதை தருகிற டிஎச்சி, சிபி1ஐப் பிடித்து ஞாபகத்தை இன்னும் குழப்பும். மச்சான் சொன்ன சிபிடியோ இந்த இரண்டிலுமே சரியாக ஒட்டாது! பிறகு எதற்கு அந்தப் போத்தல்?

இருந்தாலும் மட்டக்களப்பு கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டேன். கூச்சம்தான், எங்கள் பக்கம் கஞ்சா என்றாலே பொலிஸ்தான் நினைவுக்கு வரும். அவர் சிரிக்கவில்லை. கிளினிக் கொப்பியைப் புரட்டி வார்பரினைக் காட்டினார். அப்பாவுக்கு இதயத் துடிப்பு சீரில்லாததால், இரத்தம் கட்டியாகாமல் இருக்கக் கொடுக்கிற மருந்து அது. சிபிடி சேர்ந்தால் ஈரலில் வார்பரின் உடைவது குறையும், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுகிற ஐஎன்ஆர் ஏறும், மூளையிலேயே இரத்தம் கசியலாம் என்றார். எனக்கு அது போதும். சுங்கத்தில் பிடிபடுவதெல்லாம் அதற்குப் பிறகு வரும் பயம்.

அன்றைக்கே ஞாபகத்தையும் யோசிக்கிற திறனையும் பார்க்கிற மொக்கா (MoCA) சோதனைக்கு எழுதித் தந்தார். தமிழிலும் இருக்கிறது, மொத்தம் 30 புள்ளி. மணிக்கூடு வரைந்து பதினொன்று பத்தைக் காட்டச் சொன்னார்கள். ஐந்து சொல் சொல்லிச் சற்று நேரம் கழித்துக் கேட்டார்கள். அப்பாவுக்குச் சொற்கள் கொஞ்சம் வந்தன, மணிக்கூட்டு முள்தான் தடுமாறியது. திட்டமிடுகிற பகுதிதான் கூடுதலாக அடிபட்டிருக்கிறது என்றார்கள். "எல்லாம் மறந்துபோச்சு" என்று நாங்கள் புலம்பிக்கொண்டிருந்ததை விட இது எவ்வளவோ தெளிவு.

அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்குகிற தொழில்வழிச் சிகிச்சையில் சொன்னபடி குளிசைகளை நாளுக்கு நாள் பிரித்த பெட்டியில் போட்டோம். கொப்பியில் சந்தைக் கணக்கை அப்பாவே எழுதுகிறார், பிழை வந்தால் அம்மா திருத்துவார். பிரஷர் ஏறாமல் பார்ப்பதுதான் முதல் வேலை என்று டொக்டர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். எண்ணெய்க்குப் பதிலாக பிரஷர் பார்க்கிற மெஷின் ஒன்று அனுப்பச் சொன்னேன். மச்சான் கொஞ்சம் முறைத்துக்கொண்டுதான் அனுப்பினான்.