கழுத்து வழியாகச் சென்ற ஸ்டென்ட்

டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையில் பிறந்த எங்கள் மகளுக்கு உதடும் நகங்களும் நீலம் பாரித்திருந்தன. ஒட்சிசன் கொடுத்தும் இரத்தத்தில் அதன் அளவு ஏறவில்லை. இதயக் கோளாறு என்று சந்தேகித்த வைத்தியர்கள் புரொஸ்டகிளாண்டின் மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். அம்மருந்து சிசுவின் மூச்சை நிறுத்திவிடவும் கூடும் என்பதால், கினிகத்தேனை, அவிசாவளை வழியாகக் கொழும்பு வரை ஒரு வைத்தியரும் அம்பியூலன்ஸில் வந்தார்.

லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் செய்த எக்கோ பரிசோதனையில், இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் வால்வு முற்றாக மூடியிருப்பது உறுதியானது. கருவில் திறந்திருந்து பிறந்த பின் தானாக மூடிக்கொள்ளும் சிறு நாளம் ஒன்றின் வழியாகத்தான் அவளுடைய நுரையீரலுக்கு இரத்தம் போய்க்கொண்டிருந்தது. அதை ஸ்டென்ட் எனும் சிறு கம்பிவலைக் குழாய் வைத்துத் திறந்தே வைத்திருப்பது, மார்பைத் திறந்து செயற்கைக் குழாய் பொருத்துவது என இரண்டு வழிகள் இருந்தன. 1944இல் முதன்முதலாகச் செய்யப்பட்ட சத்திரசிகிச்சையின் பிற்கால வடிவமான இரண்டாவது முறையை விட ஸ்டென்டே அவளுக்குப் பொருந்தும் என்றார்கள்.

ஸ்டென்ட் என்றதும் தொடை வழியாகத்தான் செலுத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். ஆனால் சீ.டி. படத்தில் அந்த நாளம் பெருநாடி வளைவின் அடிப்பக்கத்திலிருந்து செங்குத்தாக இறங்கி, வளைந்து நெளிந்து சென்றது. தொடையிலிருந்து மேலேறும் கம்பி வளைவை எட்டியதும் திரும்பிக் கீழே இறங்க வேண்டியிருக்கும். கழுத்து நாடியிலிருந்தோ அது ஏறத்தாழ நேர்வழி. மேலும், ஸ்டென்டைச் செலுத்தும் உறைக்குழாயின் (மருத்துவக் குழாய்களை அளக்கும் ‘பிரெஞ்சு’ அலகில் 4) வெளிவிட்டம் சுமார் 2 மில்லிமீற்றர். பச்சிளங் குழந்தையின் தொடை நாடியும் கிட்டத்தட்ட அவ்வளவே என்பதால், இரத்தம் உறைந்து கால் குளிர்ந்துபோகும் அபாயம் உண்டு. அக்குள் நாடியையும் யோசித்தார்கள்; எங்கள் மகளின் அமைப்புக்குக் கழுத்தே உகந்தது என்று முடிவாயிற்று.

கழுத்து என்றதும் என் மாமியார் அழத் தொடங்கினார். மூளைக்குச் செல்லும் நாடியாயிற்றே என்று நானும் கேட்டேன். ஊசியால் குத்துவதற்குப் பதிலாகச் சத்திரசிகிச்சை நிபுணர் சிறிதாகக் கீறி நாடியை நேரில் பார்த்து உறையைச் செலுத்துவார் என்றும், முடிந்ததும் அதைத் தைத்துவிடுவார் என்றும் இருதய வைத்தியர் தாளில் வரைந்து காட்டினார். அந்தப் படம் இல்லாமல் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருக்க மாட்டேன். எல்லாப் பெற்றோரும் அப்படி வரையச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நாளம் சற்றுச் சுருங்கினால்தான் ஸ்டென்ட் நழுவாமல் பிடிக்கும் என்பதால், அதைத் திறந்து வைத்திருந்த புரொஸ்டகிளாண்டினை முன்கூட்டியே நிறுத்தினார்கள். நாளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஸ்டென்ட் நீண்டிருக்க வேண்டும், விடுபட்ட பகுதி பின்னர் சுருங்கிவிடும் என்றும் விளக்கினார்கள். சிகிச்சைக்குப் பின் ஒட்சிசன் அளவு எண்பதுகளில் நின்றதைக் கண்டு நான் பதறினேன். நீல இரத்தமும் சிவப்பு இரத்தமும் கலக்கும் இதயத்தில் அதுவே போதுமான அளவாம். கழுத்து நாடியில் இரத்தம் தடையின்றி ஓடுகிறதா என்று டொப்ளர் பரிசோதனையும் செய்தார்கள்.

இப்போது அவளுக்குத் தினமும் சிறிதளவு அஸ்பிரின் கொடுக்கிறோம். குழந்தை வளரும்போது ஸ்டென்ட் கூடவே வளராது என்பதால், இன்னும் சில மாதங்களில் அடுத்த சத்திரசிகிச்சைக்குக் கொழும்பு செல்ல வேண்டும்.